வெடி வெடிக்காத ஊரின் மாப்பிள்ளை

எங்கள் ஏரிக்கரை ஏறுகிற இடத்தில் வனத்துறை ஒரு பலகை நட்டிருக்கிறது. மேலே தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்தின் படம். கீழே, 'பறவைகளுக்காகப் பட்டாசை விட்ட ஊர் உங்களை வரவேற்கிறது' என்று பச்சை எழுத்து. மார்கழி, தை மாதங்களில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் காமிரா தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், முதலில் அந்தப் பலகையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டே கரை ஏறுவேன்.

போன மாதம் புது வனவர் என் வீட்டுக்கு வந்தார். படிப்பு முடித்து நேராக வேலைக்கு வந்த பெண். வந்த விஷயத்தை மளமளவென்று சொன்னார்.

"ஐயா, புதுசா சேர்ந்த காவலர்களுக்கு ஒரு பயிற்சி வெக்கிறோம். இப்பல்லாம் ட்ரோன் விட்டே பறவைய எண்ணிடறோம். ஆனா ஊர்க்காரங்களப் பேசி வழிக்குக் கொண்டு வர்றது எப்படின்னு எந்த மிஷினும் சொல்லாது. நீங்க எழுதிக் குடுங்க. என்ன கூட்டம் போட்டீங்க, என்ன சொன்னீங்க, எல்லாம் வேணும்."

என் மனைவி கௌரம்மா டீ டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குத் தெரியும். நான் ஒரு கூட்டமும் போடவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த ஊர் வெடியை விட்டது என் பேச்சைக் கேட்டு அல்ல, என் முகத்தைப் பார்த்து. பயிற்சிக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. மாம்பழக்கூழ் கம்பெனியில் பழம் கழுவிக்கொண்டிருந்தவனை வனத்துறையில் தினக்கூலிக் காவலாக எடுத்தார்கள். முதலில் போட்டது ஜவளகிரிக் காட்டுக்கு. ராகிக் காட்டில் யானை இறங்கினால் வெடி வைத்து விரட்ட வேண்டும். அங்கே என் வேலையே வெடி வைப்பதுதான். கையில் தீக்காயம் பட்டது, காய்ச்சலில் கிடந்தது, ஒற்றை யானையிடம் மாட்டிக்கொண்டு பாறை இடுக்கில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது என்று அந்த வருடங்கள் ஓடின. பிறகு கல்யாணம். பெண் எடுத்தது போச்சம்பள்ளிப் பக்கம் இந்த ஏரிக்கரை ஊரில். கொஞ்ச காலத்தில் மாற்றலும் இங்கேயே கிடைத்தது. அப்போதும் தினக்கூலிதான்.

மாமனார் திம்மராயன்தான் அப்போது ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர். ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் போட்டுப் பேசுகிற மனிதர். பேசுவது அடுத்த ஊருக்குக் கேட்கும். சிரித்தால் அதைவிட அதிகம் கேட்கும். அவருக்கு வெடி என்றால் உயிர். எங்கள் கல்யாணத்துக்கு வைத்தார். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்ததற்கு வைத்தார். ஊருக்குள் முதன்முதலாகக் கம்பெனி பஸ் வந்து நின்றபோது அந்த டிரைவர் பயந்து கீழே குதிக்கும்படி வைத்தார். சத்தம் கேட்டால்தான் நல்லது நடந்தது என்று அவருக்கு நிச்சயம். என்னைக் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"யானைய வெரட்டற மாப்பிள்ளன்னு பொண்ணு குடுத்தேன். இப்ப பாரு, வாத்து மேய்க்கறாரு. வாய்யா வாத்துக்காரரே, சாப்புடு!"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கேலியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இந்த ஏரி பல வருடம் வறண்டு கிடந்து, ஒரு ஐப்பசி மழையில் ஒரேயடியாக நிரம்பியது. கரைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கருவேலமரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. ஓரத்து ராகிக் காடுகள் முழுகிப் போயின. அந்த மார்கழியில்தான் வரித்தலை வாத்துகள் வந்தன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. முழுகிய ராகிக் காட்டில் முழங்கால் தண்ணீர் அவற்றுக்கு வசதியாக இருந்தது. கூடவே ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி என்று ஏரியே நிறைந்துவிட்டது.

அப்போது எங்களுக்கு ரேஞ்சராக வந்திருந்த அம்மா திருநெல்வேலிக்காரர். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பறவை பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஆனால் கற்றுக்கொடுப்பது போலவே இருக்காது. தான் செய்வார், நான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளுப்பதற்கு முன்னால் கரையின் வெளிச்சரிவோடு குனிந்து நடப்பார். கரை மேலே தலை தெரியும்படி ஒருநாளும் நடந்ததில்லை. புளியமரத்து அடிக்கு வந்ததும் மரத்தோடு மரமாக மெல்ல நிமிர்வார். உடனே பைனாகுலரை எடுக்க மாட்டார். முதலில் வெறுங்கண்ணால் ஏரி முழுவதையும் ஒரு தரம் பார்ப்பார். எது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, பூனைப்பருந்து எதுவும் சுற்றுகிறதா என்று. அதன் பிறகுதான் எண்ணுவது.

எண்ணுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மூலையில் பத்து வாத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். அவர் தனியாக எண்ணுவார், நான் தனியாக எண்ணுவேன். முடிகிற வரை ஒருவர் கணக்கு இன்னொருவர் காதில் விழக்கூடாது. இரண்டும் ரொம்ப விலகினால் யாருடையது சரி என்று கேட்க மாட்டார். "இன்னொரு மட்டம் எண்ணுவமா?" என்பார், அவ்வளவுதான்.

வரித்தலை வாத்துக் கூட்டத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று மேயாமல் தலையைத் தூக்கி நிற்கும். மற்றவை குனிந்து மேயும். ரேஞ்சர் அம்மா அதைக் காட்டி, "அதுதான் காவல். அது குனிஞ்சு மேஞ்சா நம்மள நம்பிட்டுன்னு அர்த்தம்" என்றார். என் வேலையும் அதன் வேலையும் ஒன்று என்று எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை.

இந்த ஏரியைப் பறவைக் காப்பகமாக ஆக்க வேண்டும் என்று அவர் எழுதிப் போட்டிருந்தார். மாவட்ட அதிகாரி, பெங்களூர்ப் பறவை ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேரோடு நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் கண்ணில் வாத்து பட வேண்டும். பட்டால் காப்பகம். படாவிட்டால் ஏரி பழையபடி மீன் குத்தகைக்குப் போகும். வலை விழுந்தால் வாத்து தங்காது. எனக்கும் திரும்ப ஜவளகிரிக் காடும் தினக்கூலியும்தான்.

நான் ஓடினேன். மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்து அன்றைக்குத் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆடு மேய்க்கிறவர்களை வேறு பக்கம் போகச் சொன்னேன். பால் வண்டிக்காரன், கம்பெனி பஸ் டிரைவர்கள் என்று ஒருவர் விடாமல் பிடித்து, கரைமேல் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். கடைசியாக மாமனாரிடம் போனேன். மற்றவர்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் நான், என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, நாளானிக்கு விடியறப்ப பெரிய பெரிய ஆபீசருங்க நம்ம ஏரிக்கு வர்றாங்க. என் வேலையே இதுலதான் இருக்குது. ஊரு மானம் உங்க கையில."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"அத எங்கிட்ட வுட்டுடு வாத்துக்காரரே. ஜமாய்ச்சுடலாம்!"

அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக ஏரிக்குத் திரும்பிவிட்டேன். யாரும் வலை போட்டுவிடக் கூடாதென்று இரண்டு நாளும் அங்கேயே காவல் இருந்ததால் ஊருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவரோ ஊரைக் கூட்டிவிட்டார். எங்கள் பக்கம் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது கலிங்கு வழியே தண்ணீர் வழிந்தால், அங்கே பூஜை போட்டு வெடி வைப்பது வழக்கம். பல வருடத்துக்குப் பிறகு கோடி போன அந்த வருடம் பூஜை இன்னும் பாக்கி இருந்தது. அதை அதிகாரிகள் வருகிற காலையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

அன்று பனி லேசாகத்தான் இருந்தது. அதிகாரி நல்ல மனிதர், ரேஞ்சர் அம்மா சொன்னபடியே கரைச்சரிவில் குனிந்து வந்தார். பெங்களூர்க்காரர்கள் சத்தமே இல்லாமல் மூன்று கால் தாங்கியில் தூரநோக்கியை நிறுத்தினார்கள். ராகிக் காட்டுப் பக்கம் கூட்டம் அப்படியே இருந்தது. காவல் வாத்து எங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குனிந்து மேய ஆரம்பித்தது. ரேஞ்சர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். ஆராய்ச்சியாளர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

அப்போது கலிங்குப் பக்கம் பம்பை ஒரு தட்டுத் தட்டியது. யாரோ சரி பார்க்கிறார்கள் போல. அடுத்த நிமிடம் பத்தாயிரம் வாலா பற்றிக்கொண்டது.

ஏரித் தண்ணீரே எழுந்து போனது போல இருந்தது. வரித்தலை வாத்து, ஊசிவால், எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஏரிக்கு மேல் சுற்றின. இறங்கப் பார்த்தபோது அடுத்த சரம் வெடித்தது. பிறகு அவை சுற்றவில்லை. வடமேற்கே கர்நாடகா பக்கம் நேராகப் போய்விட்டன. எண்ணிக்கொண்டிருந்தவர் மடக்கிய விரலோடு அப்படியே நின்றார்.

"எல்லாம் எந்திச்சுப் போயிட்டு" என்றார் ரேஞ்சர் அம்மா, யாரிடமும் சொல்லாதது போல.

புகையிலிருந்து ஊரே வெளியே வந்தது. முன்னால் பம்பைக்காரர்கள். பின்னால் வெள்ளை வேட்டியும் புதுத் தலைப்பாகையுமாக மாமனார். கை நிறைய மாலை. அவர் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு கௌரம்மா, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. மாமனார் அதிகாரிக்கு மாலை போட்டார். பெங்களூர்க்காரர்களைக் கன்னடத்தில் வாய் நிறைய வரவேற்று மாலை போட்டார். ரேஞ்சர் அம்மாவுக்கு மாலையைக் கையில் கொடுத்துக் கும்பிட்டார். கடைசி மாலையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இவரு எங்கூட்டு மாப்பிள்ள சார். இந்த ஏரிக்குக் காவல் இவருதான். ஒரு வாத்து கொறையாம பாத்துக்குவாரு!"

சொல்லிக்கொண்டே மாலையைத் தூக்கினார். நான் கழுத்தை நீட்டவில்லை. திட்டவில்லை, கத்தவில்லை, அசையவே இல்லை. ஆனால் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இந்தப் பட்டிக்காட்டுக் கும்பலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அதிகாரிக்குக் காட்டிக்கொள்ளப் பார்த்த முகம் அது. ஜவளகிரியில் வெடியைச் சுமந்து திரிந்தவன், மாம்பழம் கழுவியவன், அந்த ஒரு நிமிடம் பெங்களூர்க்காரர்களோடு சேர்ந்துகொண்டேன். மாமனாரின் கை பாதியில் நின்றுவிட்டது.

ரேஞ்சர் அம்மா என் காதோரம் வந்து சொன்னார். "முனிராஜ், முகத்த மாத்துங்க. அவங்க நமக்காகத்தான் வந்திருக்காங்க."

மாற்ற முடியவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். மூன்று கால் தாங்கியைப் பார்த்தார். காலித் தண்ணீரைப் பார்த்தார். விவரம் தெரிந்த மனிதர், வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையைப் புளியமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு, பம்பையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கௌரம்மா தட்டிலிருந்த கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது.

ரேஞ்சர் அம்மா ஒருவர்தான் அந்தக் காலையைக் கொஞ்சம் காப்பாற்றினார். குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டார். இலை போட்டுப் பொங்கல் சாப்பிட்டார். அதிகாரியையும் சாப்பிட வைத்தார். அறிக்கையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் பேசி வாங்கிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும் சொன்னார்.

"நீங்க அவர வைதிருந்தாக்கூட நாலு நாள்ல மறந்திருப்பாரு."

அன்று சாயங்காலம் மாமனார் ஊரைக் கூட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. என்ன பேசினார்கள் என்று கௌரம்மாவும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளி அன்று விடிந்து வெகுநேரம் ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தெருவில் இறங்கிப் பார்த்தால் பிள்ளைகள் புதுத்துணியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சில பேர் வெடி வெடிக்கப் போச்சம்பள்ளியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் பண்டிகை, எல்லாவற்றுக்கும் அப்படியே ஆகிவிட்டது. யாரும் தடை போடவில்லை. மாப்பிள்ளை தலைகுனியக் கூடாது என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டது.

அந்த மார்கழியில் வாத்துகள் திரும்பி வந்தன. முன்னைவிட அதிகமாக வந்தன. அதிகாரி மறுபடி வந்தார், பார்த்தார். ஏரி காப்பகம் ஆயிற்று. எனக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. ஊரைத் திருத்தியவர் என்று மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். கீழே முன்வரிசையில் மாமனார் உட்கார்ந்து கைதட்டினார். எனக்கு மேடையிலேயே உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மாமனார் அதன் பிறகு என்னை வாத்துக்காரரே என்று கூப்பிடவே இல்லை. "வாங்க மாப்பிள்ள", "சாப்புடுங்க மாப்பிள்ள", அவ்வளவுதான். மரியாதை கூடிவிட்டது, மனிதர் தள்ளிப் போய்விட்டார். நான் இருக்கிற இடத்தில் குரலையும் தாழ்த்திக்கொண்டார். ஒருநாள் டீக்கடையில் தனியாக அகப்பட்டார். பேசிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"மாமா, தீபாவளிக்கு மட்டும் ஊருக்குள்ள வெடிக்கட்டும். அம்மாந்தூரம் ஏரிக்குக் கேக்காது. நானே சொல்றேன்."

"வேணாங்க மாப்பிள்ள. பெரிய மனுசன் வந்தா வெடி வெக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியும். வெக்கக்கூடாத எடமும் இருக்குதுன்னு தெரியாம போச்சு. அவ்ளோ பேரு முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடுச்சு."

தலைகுனிவு எனக்கு இல்லை மாமா, நான்தான் உங்களுக்குச் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். கூப்பிடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், வருடங்கள் போய்விட்டன.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின தை மாதத்தில் அவர் இறந்தார். எங்கள் வழக்கத்தில் மாமனார் சாவுக்கு மேளமும் வெடியும் மாப்பிள்ளைதான் கொண்டு வர வேண்டும். வாத்து எக்கேடு கெட்டும் போகட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று கிளம்பிவிட்டேன். போச்சம்பள்ளிக்குப் போய் ஒரு மூட்டை வெடி வாங்கி பைக்கில் கட்டினேன். பம்பைக்காரர்களுக்கு ஆள் அனுப்பினேன். அவருக்கு நான் செய்ய முடிந்த கடைசிக் காரியம் இது ஒன்றுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லையிலிருந்தே வெடித்துக்கொண்டு வர வேண்டும் என்று மூட்டையை இறக்கினேன். கௌரம்மாவின் தம்பி மாதேஷ் ஓடி வந்து மூட்டை மேல் கையை வைத்தான்.

"வேணாம் மாமா. வாத்து எறங்கியிருக்குது. அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. என்னை எடுத்துப் போறப்ப ஒரு சத்தமும் வரக்கூடாது, மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துடும்னாரு."

"நான் சொல்றேன்டா. நான்தான்டா காவல். வெய்யி!"

"நீங்க சொல்லுவீங்கன்னும் சொன்னாரு மாமா. கேக்கக்கூடாதுன்னாரு."

கௌரம்மா வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊரையே சிரிக்க வெச்ச மனுசன். ஊமையாட்டம் அனுப்பறீங்களே" என்றாள். அவள் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

சுடுகாட்டுக்கு வழி ஏரிக்கரை மேலேதான். பம்பைக்காரர்கள் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடிக்காமல் முன்னால் நடந்தார்கள். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எதிரே வந்த கம்பெனி பஸ் ஓரமாக நின்று இன்ஜினை அணைத்தது. வேலைக்குப் போகிற பெண்கள் இறங்கிக் கைகட்டி நின்றார்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பலகையைத் தாண்டினோம், புளியமரத்தைத் தாண்டினோம்.

ராகிக் காட்டுப் பக்கம் வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. காவல் வாத்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பறவையும் எழுந்துவிடக் கூடாதென்றே வேண்டிக்கொண்டவன் நான். அன்றைக்குத் தோளில் அவரை வைத்துக்கொண்டு, ஒன்றாவது எழுந்துவிடு, இந்த மனுசனுக்காக ஒரு சத்தம் போட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது எங்களைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பித்தது.